நாற்பதில் இல்லாத கேள்வி



ஆட்டிசத்தை அளக்கும் ஐஎஸ்ஏஏ படிவம் என்றதும் முன்வரிசையில் சிலர் பெருமூச்சு விடுகிறீர்கள். அடையாள அட்டைக்கு அலைந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண் பார்த்துப் பேசுகிறானா, ஒதுங்கியே இருக்கிறானா? கூட்டி 70 வந்துவிட்டால் ஆட்டிசம். 153-ஐத் தாண்டினால் தீவிரம். கடைசிப் பகுதியில் ஒரு வேடிக்கை. அசாதாரண நினைவாற்றலுக்கும் மதிப்பெண் உண்டு, அபூர்வத் திறமைக்கும் உண்டு. தேதியைச் சொன்னதும் உங்கள் பிள்ளை கிழமையைச் சொன்னால், அதுவும் குறைக் கணக்கில்தான் ஏறும்!

படிவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவித்தொகைக்கு அது வேண்டும். ஆனால், 'தம்பி, நீ நல்லா இருக்கியா?' என்று அந்த நாற்பதில் ஒன்றுகூடக் கேட்கவில்லையே!

எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு வயது பத்தொன்பது. நண்பர்கள் உண்டா என்று கேட்டபோது அம்மா 'இல்லை' என்றார். பையனிடமே கேட்கலாம் என்று படங்களைப் பரப்பினோம். சிரித்த முகத்தை எடுத்து பஸ் ஸ்டாண்ட் படத்தின் மேல் வைத்தான். விசாரித்தால், சாயங்காலம் அங்கே வரும் கண்டக்டர்கள் எல்லாருக்கும் இவனைத் தெரிகிறது. எந்த பஸ் லேட் என்று இவனிடம்தான் கேட்கிறார்கள்.

இப்படி அவரவரிடமே கேட்பதைப் பற்றி பிரிட்டனில் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். வாழ்க்கைத் தரத்தைப் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவத்தோடு, ஆட்டிசம் உள்ளவர்களையே கலந்துபேசி உருவாக்கிய 9 கேள்விகளை 2018-ல் சேர்த்தார்கள். நாலு பேர் மத்தியில் நீங்கள் நீங்களாகவே இருக்க முடிகிறதா என்பது அதில் ஒன்று. அது பெரியவர்களுக்கானது, நம் பிள்ளைகளுக்கு நாம்தான் எழுத வேண்டும்.

ஆட்டிசம் பற்றி 1943-ல் மருத்துவர் லியோ கேனர் எழுதிய கட்டுரையில் பதினொரு பிள்ளைகள். முதல் பிள்ளை டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பிக்காரர். வளர்ந்து உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், ஊர் ஊராகச் சுற்றினார், 2023-ல் 89 வயதில் காலமானார். பழகியவர்கள் பலருக்கு ஆளுக்கொரு நம்பர் சூட்டுவார். பல வருஷம் கழித்தும் அவர்கள் தங்கள் நம்பரை மறக்கவில்லை. குடும்பத்துக்கு வசதி இருந்தது, வங்கியே அவர்கள் வீட்டார் தொடங்கியது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர் தந்த நம்பரை மறக்காத ஊரும் அவருக்கு இருந்தது. ஆகவே பிள்ளையை அளக்கும்போது ஊரையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நம் பெற்றோர் சங்கம் தமிழில், படங்களோடு, 'நீ நல்லா இருக்கியா?' என்று கேட்கும் இரண்டாவது தாள் ஒன்று தயாரிக்கட்டும். பிள்ளை முதலில் நிரப்பட்டும். அப்பா அம்மாவுக்குத் தனித் தாள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.