பத்தாம் வகுப்பிலிருந்து டார்வினைத் துரத்தியவர்கள்

2023இல் என்.சி.இ.ஆர்.டி. அச்சிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த பாடத்தில் பரிணாமத்தைக் காணோம்! கேட்டால், கொரோனாவால் பிள்ளைகளுக்குச் சுமையாம், குறைத்தார்களாம். புத்தகப் பையில் டார்வின் ஒருவர்தான் கனத்தாரா?

“பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே” என்கிறார்கள். யாருக்கு? உயிரியல் எடுத்தவனுக்கு! வணிகவியல் படிக்கப்போகிற பெண்ணுக்கு? ஐ.டி.ஐ. போகிற பையனுக்கு? பத்தோடு படிப்பு நின்றுபோகிற பிள்ளைக்கு? மனிதன் எப்படி வந்தான் என்று வகுப்பறையில் கேட்க அவர்களுக்கு இருந்த கடைசி வாய்ப்பு அது. அதைப் பறித்துவிட்டீர்களே, பாவிகளா! 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். பாடம் திரும்ப வரவில்லை.

இதற்கு விதை 2018லேயே விழுந்தது. அன்றைய ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை, எழுதவில்லை, ஆகவே டார்வின் சொன்னது தப்பு என்றார். ஐயா மும்பைக்கே போலீஸ் கமிஷனராக இருந்தவர்! கொலையைக் கண்ணால் பார்த்தவர் இல்லையென்றால் வழக்கை மூடிவிடுவாரா? கைரேகை எதற்கு? மோப்ப நாய் எதற்கு? பாறைக்குள் கிடக்கிற எலும்பும் தடயம்தானய்யா!

திறந்த மனது வேண்டும் என்று நமக்கே உபதேசம் செய்கிறார்கள். மனதைத் திறந்து வை, புத்தகத்தை மூடிவை. இவ்வளவுதான் அவர்கள் வாதம்.

திறந்த மனதைப் பார்க்க வேண்டுமா? திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துக்குப் போங்கள். 1863இல் புரூஸ் ஃபுட் கல்லாயுதம் கண்டெடுத்த ஊர். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, அடியில் கிடந்த கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். நம் இனத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுதான்! அப்படியானால் அந்தக் கல்லைச் செதுக்கியது யார்? எலும்பு கிடைக்கவில்லை, உறுதியாகத் தெரியாது என்கிறது அறிவியல். தன் தவறையும் அதுவே திருத்திக்கொள்கிறது: 1912இல் இங்கிலாந்தில் மனிதனின் மூதாதை என்று கொண்டாடிய பில்ட்டவுன் மண்டையோட்டை, போலி என்று 1953இல் அம்பலப்படுத்தியதும் விஞ்ஞானிகளே.

பக்தியுள்ளவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல, அதற்கும் மேலானது என்று 1996இல் ஒப்புக்கொண்டவர் போப் இரண்டாம் ஜான் பால். போப்பாண்டவருக்கே கனக்காத டார்வின் நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கனக்கிறாரா?

என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் நடத்தும் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். பழைய புத்தகத்தின் அந்தப் பக்கங்களை நகலெடுத்தாவது வகுப்பில் நடத்தச் சொல்லுங்கள். அந்த வணிகவியல் பெண் பள்ளியை விட்டுப் போவதற்குள் நடத்தச் சொல்லுங்கள்!