மாத்லாக் கரைக்கு ஒரு ரயில்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் பலர் சியால்டா நிலையத்தில் கானிங் வண்டியைக் கண்டிருப்பர். அப்பாதையை அமைத்தது கல்கத்தா தென்கிழக்கு ரயில்வே கம்பெனி. ஹூக்ளி நதி தூர்ந்துவிடும் என்றஞ்சி, மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் எழுப்ப முனைந்தனர். அதனை நம்பி இட்ட 28 மைல் இருப்புப்பாதை 1863-இல் கானிங்கை எட்டியது.

அவ்விடத்தைக் கடல் பொங்கி அழிக்கும் என்று 1853-இலேயே டல்ஹௌசி பிரபுவுக்கு எழுதி எச்சரித்தவர் ஹென்றி பிடிங்டன். 'சைக்ளோன்' என்னும் சொல்லை ஆக்கியவரே அவர்தாம். புயலுக்குப் பெயர் சூட்டியவர் சொல்லும் அம்பலமேறவில்லை! 1867 நவம்பரில் புயல் வந்தது, துறைமுகம் சிதைந்தது. கப்பல் வராத துறைக்குச் சரக்கு ஏது? மறு ஆண்டே கம்பெனி பாதையை அரசிடம் ஒப்படைத்தது. போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி தர அரசு முன்னரே உறுதி கூறியிருந்தது. அச்சுமை இந்நாட்டு மக்களின் வரிப்பணத்தின்மேல் விழுந்தது.

பாதை மட்டும் பிழைத்தது. கானிங் பகுதிப் பெண்கள் விடியுமுன் வண்டியேறி, நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு வருகின்றனர்.