எண்ணெய்க் காசையும் செக்ரோலில் எழுதுவோம்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் ஒரு தோட்டக் கிராணி ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, தண்ணீர் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இந்தக் கிராணி மோட்டார் காரைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கக்கூடும். முதலாளியும் மானேஜரும் மட்டுமே கார் வைத்திருந்த காலம் என்றோ மலையேறிவிட்டது. இன்று நம் லயத்து வாசல்களில் பழைய கஞ்சில் காரும் புரோட்டோன் சாகாவும் நிற்கின்றன. மோட்டார் சைக்கிள் இல்லாத வீடே இல்லை. அது ஆடம்பரத்திற்காக வந்ததல்ல. செபராங் பிறையில் பால் மரம் நின்ற இடங்கள் பல செம்பனையாகவும் தொழிற்சாலையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. நம் பிள்ளைகள் பாலம் கடந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறார்கள். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை என்ற நிலை.

ஆகவே எண்ணெய்க் காசு என்பது நம் சம்பளத்தில் விழும் வெட்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. அதை வாங்கிக் கொடுக்கப் பேசியவர்கள் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகள்! அப்படி வந்த காசில் ஒரு பகுதி டயரில் காற்றுக் குறைவதாலும், பிரேக் ஒட்டிக்கொள்வதாலும், நம் காலின் அவசரத்தாலும் புகையாகிப் போவதை நாம் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? இதுதான் என் கேள்வி.

2008 ஜூன் 5 ஆம் தேதி பலருக்கு நினைவிருக்கும். பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 92 காசிலிருந்து ஒரே இரவில் 2 வெள்ளி 70 காசுக்குத் தாவியது. அன்றிலிருந்து ஏற்றமும் இறக்கமும் எத்தனையோ கண்டுவிட்டோம். 2025 செப்டம்பர் 30 முதல் புதிய முறை வந்தது. அடையாளக் கார்டும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அம்முறை தொடங்கியபோது மாதத்திற்கு 300 லிட்டர் என்று அளவும் வைத்தார்கள். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு அன்றைய விலை 2 வெள்ளி 60 காசு. தோழர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். இந்த மண்ணிலேயே உழைத்து முதுமை அடைந்தும் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சலுகை விலை இல்லை. அது தீரும்வரை குரல் கொடுப்பது நம் கடமை. அதுவரையில் அவர்கள் வண்டி குடிக்கும் எண்ணெயைக் குறைத்துக் கொடுப்பதும் நம்மால் ஆகக்கூடிய உதவி.

இனி என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கேட்டுச் சிரியுங்கள், பரவாயில்லை.

நான் வைத்திருப்பது இரண்டாம் கையில் வாங்கிய கஞ்சில். கார்பரேட்டர் வண்டி. எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று சந்தேகம் வந்தது. ஒரு பாசார் மாலத்தில் ஒருவர், எண்ணெய்க் குழாயில் மாட்டினால் முப்பது சதவிகிதம் மிச்சமாகும் என்று ஒரு காந்தக் கட்டையை விற்றார். 120 வெள்ளி கொடுத்து வாங்கி மாட்டினேன். முதல் வாரம் வண்டி பறப்பதுபோல் இருந்தது. மனம் அப்படி நம்பியது! பிறகுதான் எனக்கே வெட்கமாயிற்று. செக்ரோல் எழுதும் கிராணி நான். பாலை வெறுங்கண்ணால் பார்த்து இதில் இத்தனை ரப்பர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? மெட்ரோலாக் போடு, தராசில் நிறு என்று சண்டைக்கு வரமாட்டீர்களா? பாலுக்கு ஒரு நியாயம், பெட்ரோலுக்கு ஒரு நியாயமா?

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அளக்கும் முறை மிக எளிது. ஒரே எண்ணெய் நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், குழாய் தானாக 'டக்' என்று நிற்கும்வரை ஊற்றுங்கள். அதற்குமேல் ஒரு சொட்டும் திணிக்க வேண்டாம். கிலோமீட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டியபின் மறுபடியும் அதேபோல் ஊற்றுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். ஒரு தடவைக் கணக்கை நம்பாதீர்கள். மழையும் நெரிசலும் ஏமாற்றும். மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

என் கணக்கு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்றது. காந்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் 13 தான். 120 வெள்ளி போனது போனதுதான்.

இதில் நான் மட்டும் ஏமாளி அல்லன் என்பதே ஓர் ஆறுதல். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட 'எண்ணெய் மிச்சக் கருவி'களைச் சோதித்துப் பார்த்தது. குறிப்பிடத்தக்க பலன் தந்த கருவி ஒன்றும் கிடைக்கவில்லை. எஞ்சினைக் கெடுக்கக்கூடியவையும் புகையைக் கூட்டக்கூடியவையும் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டிலும் 1996 இல் இராமர் பிள்ளை என்பவர் மூலிகையால் பெட்ரோல் செய்வதாகச் சொன்னபோது நாடே வியந்து நின்றது. 2016 இல் சென்னை நீதிமன்றம் அதை மோசடி என்று கூறித் தண்டனை விதித்தது. ஏழைக்கு எண்ணெய் விலை சுடுகிறது என்று தெரிந்தவன்தான் ஏழையிடமே இதை விற்க வருகிறான். அளந்து பார்க்கிறவனிடம் அவன் ஜம்பம் பலிக்காது.

பிறகு எதனால் மிச்சமாகும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, டயர். நாம் சீவும் பாலும் சேர்ந்து ஆனது. வண்டி உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி சூடாகி வீணாகிறது. இயற்கை ரப்பரில் இந்தச் சூடு குறைவு. அதனால்தான் பெரிய லாரி டயர்களிலும் விமான டயர்களிலும் நம் ரப்பர் அதிகம் சேர்கிறது. ஆனால் காற்றுக் குறைந்தால் எந்த ரப்பரானாலும் அதிகமாக நசுங்கும், அதிகமாகச் சுடும், சீக்கிரம் தேயும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நான்கு டயரிலும் காற்றுச் சரியாக இருந்தால் மூன்று சதவிகிதம்வரை எண்ணெய் மிச்சமாகும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. என் டயரில் அந்த அளவைவிட 60 கிலோபாஸ்கல் குறைவு! காலையில் டயர் சூடாகுமுன் அடியுங்கள். எண்ணெய் நிலையத்தில் காற்றுக்குக் காசு கேட்பதில்லை. மிச்சமாகும் என்று அளவுக்கு மீறியும் அடிக்காதீர்கள். மழைச் சாலையில் பிடிப்புக் குறையும்.

இரண்டாவது, பிரேக். சக்கரத்தை ஜாக் வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். உராயும் ஓசை இலேசாகக் கேட்டால் பாதகமில்லை. சுற்றவே மறுத்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போவதுபோல் வண்டி ஓடுகிறது என்று பொருள்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். நம் நாடு வெப்ப நாடுதானே, இது எதற்கு என்று சில பட்டறைகளில் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. என் வண்டியிலும் அது இல்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வந்தால்தான் பெட்ரோல் நன்றாக எரியும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ஓயாமல் சுற்றிக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். எஞ்சின் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டரையும் விசிறியையும் பழுது பாருங்கள், தெர்மோஸ்டாட்டைக் குற்றவாளியாக்காதீர்கள்.

நான்காவது, பிளக்கும் ஏர் பில்டரும் கறுப்பெண்ணெயும். கார்பரேட்டர் வண்டியில் பில்டர் அடைத்துக்கொண்டால் எண்ணெய்ச் செலவு கூடும். புதிய இஞ்செக்ஷன் வண்டிகளில் அப்படியில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009 இல் சோதித்துச் சொன்னது. கம்ப்யூட்டர் காற்றுக்குத் தக்கபடி எண்ணெயைக் குறைத்துவிடுகிறது, வேகம் பிடிப்பதுதான் மந்தமாகிறது. ஆகவே புதிய வண்டிக்காரர்கள் விலையுயர்ந்த பில்டர் வாங்கிப் பணம் விரயம் செய்ய வேண்டாம். கறுப்பெண்ணெயைக் கையேட்டில் சொன்ன தரத்திலேயே ஊற்றுங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் உடனே பட்டறைக்குப் போங்கள். ஆக்சிஜன் சென்சார் கெட்டால் மிச்சம் பிடித்த எண்ணெய் எல்லாம் அதிலேயே போய்விடும். ரோன் 95 போதும் என்று கையேடு சொன்னால் ரோன் 97 ஊற்றுவது வீண் செலவு.

ஐந்தாவது, மாற்றங்கள். இளைஞர்கள் வண்டியில் பலவற்றை மாட்டுகிறார்கள்: அகலமான ஸ்போர்ட் ரிம், பெரிய இறக்கை, கூரைமேல் கம்பி. நான் சொல்லும் மாற்றம் மாட்டுவதில்லை, கழற்றுவது. கூரைக் கம்பியைக் கழற்றுங்கள். காற்று மோதுவது குறையும். பூட்டில் மாதக்கணக்காகக் கிடக்கும் உர மூட்டையை இறக்குங்கள். 45 கிலோ சுமைக்கு ஏறக்குறைய ஒரு சதவிகிதம் எண்ணெய் போகிறது, சின்ன வண்டிக்கு இன்னும் கூடும். அகல ரிம்மை விட்டு, வண்டிக்கு என்று வந்த அளவுக்கே திரும்புங்கள்.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அது நம் வலது கால். சீறிப் புறப்பட்டு, திடீரென்று பிரேக் அடிக்கும் ஓட்டத்தால் நெரிசலில் லிட்டருக்கு ஓடும் தூரம் பத்து முதல் நாற்பது சதவிகிதம்வரை குறையும் என்று அதே எரிசக்தித் துறை சொல்கிறது. காலையில் பாலத்தில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். முன்வண்டி இரண்டடி நகர்ந்தால் சீறிப் போய் ஒட்டி நிற்கிறோம். இடைவெளி விட்டு மெல்ல உருண்டு போனால் அதே நேரத்தில்தான் பாயான் லெப்பாஸ் சேர்வோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 இல் போகும்போது எதிர்க்கும் காற்றின் விசை 90 இல் போவதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த விசையைத் தள்ளுவது நம் பணம்.

ஓர் எச்சரிக்கை. பாலிக் புலாவுக்குப் போகும் மலைப் பாதையில் இறங்கும்போது சிலர் எண்ணெய் மிச்சம் என்று ஃப்ரீ கியரில் விடுகிறார்கள். எஞ்சினையே அணைக்கிறவர்களும் உண்டு. இது உயிருக்கு ஆபத்து. இஞ்செக்ஷன் வண்டியில் கியரில் வைத்துக் காலை எடுத்தாலே கம்ப்யூட்டர் எண்ணெயை நிறுத்திவிடுகிறது. ஃப்ரீ கியரில்தான் எஞ்சின் ஓடுவதற்கு எண்ணெய் குடிக்கிறது. மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. கார்பரேட்டர் வண்டியானாலும் கியரில்தான் இறங்க வேண்டும். நாலு காசுக்காக உயிரைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

மோட்டார் சைக்கிள் தோழர்களுக்கும் இதே பாடந்தான். காற்றைப் பாருங்கள், சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டு, அதிகம் இறுக்காமல் வையுங்கள், பின்சக்கரம் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் செய்து என் வண்டி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 13 இல் இருந்து மூன்று மாதத்தில் பதினைந்தரைக்கு வந்தது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். முன்பு 92 லிட்டர், இப்போது 77 லிட்டர். 15 லிட்டர் மிச்சம். 1 வெள்ளி 99 காசு விலையில் ஏறக்குறைய 30 வெள்ளி. சலுகை இல்லாத பெரியவர் ஒருவருக்கு 2 வெள்ளி 60 காசு விலையில் அது 39 வெள்ளி. முப்பது சதவிகிதம் என்று காந்தக்காரர் சொன்ன பெரிய வார்த்தை இல்லைதான். ஆனால் நோட்டில் எழுதி, கையில் எண்ணிப் பார்த்த பணம். ஆண்டுக்கு 360 வெள்ளி. பள்ளி திறக்கும் வாரத்தில் பிள்ளைகளின் காலணிக்கும் புத்தகப் பைக்கும் ஆகும்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். வண்டி ஓட்டுகிறவன் கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது.

முடிவாக இரண்டு யோசனைகள். ஒன்று, ஒவ்வொரு கிளையிலும் ஒரு காற்றுமானியும் ஒரு ஜாக்கும் பொதுவில் வாங்கி வைப்போம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைத்தொழில் தெரிந்த தோழர்கள் மற்றவர்கள் வண்டியைப் பார்த்துக் கொடுக்கட்டும். சிவப்புக் கார்டுப் பெரியவர்களின் வண்டிகள் முதலில் நிற்கட்டும். இரண்டு, ஒரே ஷிப்டுக்குப் பாலம் கடக்கும் பிள்ளைகள் நால்வர் நான்கு வண்டியில் போவதை விட்டு ஒரே வண்டியில் சேர்ந்து போகட்டும். எந்த எஞ்சினைத் திருத்தினாலும் நாலில் மூன்று பங்கு மிச்சமாகாது. சேர்ந்து போனால் ஆகும். சேர்ந்து நின்றால் பலன் உண்டு என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாளைக் காலை வெட்டுக்குப் போகுமுன் டயரைப் பாருங்கள். இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அடுத்த கூட்டத்திற்கு அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். யார் கணக்குச் சரி என்று சேர்ந்து பார்ப்போம்.