வீடு நிறைந்த படங்கள்: சுமையல்ல, சொத்தே!

நடுவர் ஐயா, எங்க வீட்டு அலமாரியை இவ்வளவு நேரம் வெயில்ல காயப் போட்டாங்க எதிரணி நண்பர்கள்.

எதிரணித் தம்பி கேட்டார்: "ஐந்நூறு படம் சேர்த்து வச்சிருக்கீங்களே, வீட்டுல மனுஷன் நடக்க இடமிருக்கா?" நியாயமான கேள்வி. ஆனா தம்பி, இடத்தை அடைக்கிறது படம் இல்லை, டப்பா! ஒரு டிவிடி தகட்டோட கனம் 1.2 மில்லிமீட்டர். அது குடியிருக்கிற பிளாஸ்டிக் பெட்டி 14 மில்லிமீட்டர். நூறு படத்தைப் பெட்டியோட அடுக்கினா 140 சென்டிமீட்டர் பலகை வேணும். தகட்டை மட்டும் அடுக்கினா 12 சென்டிமீட்டர், அரைச் சாண். மிச்சம் எல்லாம் காத்து! ஆசாரியைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, காத்துக்கு அலமாரி செஞ்சு வச்சிருக்கோம். (சிரிப்பு)

இந்தத் தருமபுரி மண்ணுல நின்னு பேசறேன், ஔவையைச் சொல்லாம போக முடியாது. தகடூர் அதியமானுக்காகத் தூது போன இடத்துல, தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். எல்லா வேலுக்கும் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலும் வச்சிருந்தான். பாட்டி பார்த்தாங்க. "உன்னோடது அழகா இருக்குப்பா. எங்க அதியமானோட வேல் எல்லாம் முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குது" என்றார்கள். புறநானூற்றில் இருக்கிறது. படத்துக்கும் அதேதான். ஓடி ஓடித் தேய்ஞ்சதுக்கு அட்டை இருக்காது. அட்டை பளபளன்னு இருந்தா அதைப் பார்த்தவன் இல்லைன்னு அர்த்தம்.

எங்க வீட்டுலயும் ஒரு தொண்டைமான் இருந்தான் ஐயா. நான்தான்.

எங்க அப்பா காலத்துல டெக்கு வாடகைக்கு எடுத்து, வாசல்ல டிவி வச்சு, ஒரு ராத்திரிக்கு மூணு படம் போடுவாங்க. அந்தப் பைத்தியத்துல அப்பா கேசட் சேர்த்தார். அப்புறம் நான் விசிடி, டிவிடின்னு சேர்த்தேன். 2009-ல வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். இடம் வேணும். நான் ஒரு சட்டம் போட்டேன்: படம் போட்ட அட்டை இருக்கிறதெல்லாம் இருக்கட்டும், அட்டை இல்லாததைப் பழைய இரும்புக் கடைக்குப் போடு! நாற்பது கேசட் எடைக்குப் போச்சு. என்ன கிடைச்சுது? ரெண்டு பிளாஸ்டிக் குடம்.

1991-ல நடந்த எங்க அக்கா கல்யாணக் கேசட்டும் அதுல போயிருந்தது. ஒட்டின சீட்டுல மை அழிஞ்சிருந்ததால எனக்குத் தெரியலை. அதுல எங்க அம்மா சாம்பார் வாளியோட வருவாங்க. வீடியோக்காரர் குறுக்கே நிக்க, "இலை காலியா கிடக்குது, எட்டப் போ கண்ணு" என்பார்கள். அம்மா குரல் பதிவானது அந்த ஒரு இடத்தில்தான். அம்மா போனபிறகு அதைத் தேடினேன். கடைக்காரரைக் கேட்டேன். "ஓடு ஒரு பக்கம், நாடா ஒரு பக்கம் போயிருக்குங்க" என்றார். திரும்பி வர்ற வழியில ஒரு சோளக் கொல்லை. கிளி விரட்ட வரப்பைச் சுத்திக் கேசட் நாடா கட்டியிருந்தாங்க. காத்துல படபடன்னு அடிக்குது. அது யார் வீட்டு நாடாவோ, எனக்குத் தெரியாது. ஆனா நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன் ஐயா.

அதுக்கப்புறம்தான் அடுக்கவே கத்துக்கிட்டேன். முதல்ல, கடையில கிடைக்காத கேசட் எது? வீட்டு விசேஷம். அதையெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்கு மாத்தினேன். ஒண்ணு என் வீட்டுல, இன்னொண்ணு அக்கா வீட்டுல. உலகத்துல கடைசியா விசிஆர் செஞ்ச ஜப்பான் கம்பெனி ஃபுனாய், அதுவும் 2016-ல நிறுத்திட்டுது. இருக்கிற டெக்கு ஓடும்போதே மாத்தினாத்தான் உண்டு. தகடுகளை உறையில போட்டு, செருப்பு டப்பாவுல நிமிர்த்தி வச்சேன். அகரவரிசை வேண்டாம், புதுசா ஒண்ணு வந்தா மொத்தத்தையும் தள்ளணும், அதுக்கே பாதி இடம் காலியா விடணும். வந்த வரிசையில நம்பர் போட்டு, பேரை எண்பது பக்க நோட்டுல எழுதினேன். நம்பரைக்கூட நடுவுல இருக்கிற கண்ணாடி வளையத்துல மார்க்கர்ல எழுதணும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். சிடியில பதிவு இருக்கிறது மேல்பக்கம், எழுத்துக்கு ஒட்டின மாதிரி. அங்கே கீறினா படம் காலி. மூணு அலமாரி ஒரு அலமாரியாச்சு. இந்தத் தடவை எடைக்குப் போட்டது காலி டப்பாவை மட்டும்தான்! (கைதட்டல்)

"எல்லாம்தான் போன்ல வருதே" என்கிறார் எதிரணி அம்மையார். வருதா? 1931-ல வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. போன்ல போடுங்க பார்ப்போம். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை அம்மா. கோட்டையூர் ரோஜா முத்தையா சினிமாப் பாட்டுப் புத்தகத்தைக்கூடக் குப்பைன்னு நினைக்காம சேர்த்தார். அவர் 1992-ல மறைந்தார். சேர்த்து வச்சது 1994-ல சென்னையில நூலகமாச்சு. சுமைன்னு எடைக்குப் போட்டிருந்தா?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன் ஐயா. அந்தக் கல்யாணக் கேசட் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒண்ணு போச்சு. பார்த்துட்டுத் தர்றேன்னு யாரோ வாங்கிட்டுப் போனவங்க திருப்பித் தரலையாம். இதை டிவியில பார்த்துக்கிட்டிருக்கிற யார் வீட்டுப் பரண்லயாவது, அட்டை இல்லாம, எழுத்து அழிஞ்சு ஒரு கேசட் கிடந்தா, ஒரு தடவை போட்டுப் பாருங்க. 1991, தை மாசம், பாலக்கோட்டுல நடந்த கல்யாணம். சாம்பார் வாளியோட ஒரு அம்மா வருவாங்க. என் நோட்டுல ஒண்ணாம் நம்பரை இன்னும் எழுதாம விட்டு வச்சிருக்கேன்.