நம் விலையை நாமே குறைக்கலாமா?



கற்பிட்டிச் சந்தையில் கருவாடு வாங்கும்போது நாம் விலை பேசாமல் விடுவதில்லை. ஆனால் நேர்முகப் பரீட்சையில், "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்று தலை குனிகிறோம். ஒருமுறை நம்மில் நால்வர் ஒரே வேலை விளம்பரத்தைப் பார்த்தோம். "கொழும்பில் படித்தவர்கள் வருவார்கள், நமக்கு ஆங்கிலம் போதாது" என்று நாமே தீர்ப்புக் கூறி, நால்வரும் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டோம்.

இந்தத் தயக்கம் நம் கரையோரத்துக்கு மட்டும் உரியதன்று. 1978 இல் அமெரிக்க உளவியலாளர்களான போலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் உயர் பட்டமும் பதவியும் பெற்ற பெண்களிடமே இதைக் கண்டு எழுதினார்கள். தம் வெற்றி தற்செயலானது, என்றோ ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அப்பெண்கள் அஞ்சினார்கள்.

குறைந்த சம்பளம் குறைந்த தகுதிக்குச் சான்றாகுமா? மலையகத் தோட்டங்களில் பெண்களின் நாட்சம்பளம் ஆண்களுடையதிலும் குறைவாகவே இருந்தது. 1984 இல் அது சமமாக்கப்பட்டது. கொழுந்து பறித்த கைகள் ஒரே இரவில் திறமை பெற்றுவிடவில்லை, கணக்குத்தான் திருத்தப்பட்டது.

நம் கணக்கையும் திருத்துவோம். எத்தனை பிள்ளைகளைச் சித்தியடையச் செய்தோம், எத்தனை வருடம் காசுக் கணக்கைப் பிசகின்றிப் பார்த்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதுவோம். அதே வேலைக்கு மற்ற இடங்களில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரிப்போம். பிறகு தொகையைத் தெளிவாகச் சொல்வோம். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் முடிவுத் திகதி போய்விடும்.

தோழியரே, நீங்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும், இங்கு படித்த தங்கையொருத்தியின் விண்ணப்பத்தை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். நமக்கு அன்று கிடைக்காத துணை அவளுக்காவது கிடைக்கட்டும்.