வேஷம் கட்டியவர் ஏட்டைக் கையிலெடுத்தால்



வவுனிக்குளத்து நீர் பாயும் இத்துணுக்காய்ப் பகுதியிலே கூத்துப் பார்த்து வளர்ந்து இன்று பட்டம் பெறும் உங்களுக்கு, வேஷங்கட்டி ஆடிய ஒருவர் காலக்கிரமத்தில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாராகி, ஏட்டைக் கையிலெடுத்து, மத்தளத்துக்கருகே நின்று, ஆடுபவன் அடி மறந்த கணத்தில் பிற்பாட்டை உயர்த்தி அவனைக் காப்பாற்றுவது புதிய சங்கதியன்று. ஆயினும், பெண் வேஷத்தையும் ஆணே கட்டிய அந்த மரபிலே ஒரு பெண் அந்த ஸ்தானத்துக்கு வருவதை நம் முன்னோர் கற்பனை செய்திருப்பார்களா என்பது சந்தேகந்தான். ஆகையால், சினிமாவிலே அதைச் செய்துகாட்டிய ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

திருவையாற்றிலே 1911ஆம் ஆண்டு பிறந்து, சிறுமியாயிருக்கும்போதே விவாகம் செய்துவைக்கப்பட்டு, அவ்விவாகம் நிலைக்காமற்போக, பிழைப்பின் பொருட்டு நாடகமேடை ஏறிய அவர், 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகியானார். நாயகி தமிழிலே பேச, நாயகன் தெலுங்கிலே மறுமொழி கூறிய விசித்திரமான படம் அது. காதலுக்குப் பாஷை எதற்கு என்று ஜனங்கள் சமாதானம் செய்துகொண்டார்கள் போலும்! ‘சினிமா ராணி’ என்ற கீர்த்தி கிடைத்தபின், பிறர் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்புவித்துக்கொண்டே அவர் சௌக்கியமாக இருந்திருக்கலாம். அவரோ 1936இலேயே, தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் நாவலை ‘மிஸ் கமலா’ என்று படமாக்கி, கதையும் தயாரிப்பும் இயக்கமும் நடிப்பும் தம்முடையனவாகவே கொண்டு, தென்னாட்டின் முதற் பெண் டைரக்டரானார்.

நம் இலங்கைத் தீவிலே, கண்டிப் பக்கத்திலே பிறந்த எம். ஜி. ராமச்சந்திரன் தம் முதற் படத்தில் சிறு வேஷமேற்றதும் அதே 1936இலேதான். ‘நாடோடி மன்னன்’ படத்தைத் தாமே தயாரித்து இயக்க அவர் 1958 வரை காத்திருந்தார். இருவரில் பெரியவர் யார் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. நடிப்பிலே பெற்ற புகழைக் கொண்டு இயக்குநராவது ஒரு வழி. சொல்லவேண்டிய கதை ஒன்று கையிலிருக்க, அதைப் பிறரிடம் ஒப்படைக்க மனமின்றி மற்றப் பாரங்களையெல்லாம் தானே சுமப்பது வேறொரு வழி. அம்மையார் சென்றது பின்னதே என்பது என் அபிப்பிராயம்.

‘மிஸ் கமலா’வின் பிரதி இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. யுத்தகால இடப்பெயர்வுகளிலே ஏட்டையும் கொப்பியையும் தொலைத்த இந்த வன்னி மக்களுக்கு அந்த நஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டதாரிகளே, இத்தனை காலம் பரீட்சைக்காகப் பிறர் வாசகத்தை ஒப்புவித்தீர்கள். உங்கள் ஊர்க் கதையை இனி நீங்களே எழுதுங்கள், இயன்றால் படமாகவும் எடுங்கள். அதற்கு முன்பாக, காத்தவராயன் கூத்தையும் கோவலன் கூத்தையும் பழக்கிய அண்ணாவிமார் உங்கள் ஊர்களில் இருப்பார்களாயின், அவர்களிடம் எஞ்சியுள்ள கொப்பிகளை வாங்கிப் படியெடுத்து, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலே சேர்ப்பித்துவிடுங்கள்.