ஊருக்கொரு தானிய வங்கி
(பண்ணை வானொலி உரை)



தை பிறந்து, களமெல்லாம் கேழ்வரகும் சாமையுமாக நிறைந்திருக்கிறது. இந்த நேரத்தில் பசியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். ஆடி மாதத்துப் பசிக்கு வைத்தியம் பார்க்க வேண்டியது இப்போதுதான்.

மானாவாரி விவசாயி வீட்டில் என்ன நடக்கிறது? கடனை அடைக்க வேணும் என்று, அடித்த தானியத்தைக் களத்திலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். ஆடியிலே குதிர் காலி. விதைக்கவும் வேணும், வயிற்றுக்கும் வேணும். அப்போது ஒரு மூட்டை கடன் வாங்கினால் ஒன்றரை மூட்டையாகத் திருப்பித் தருகிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. அடுத்த தையிலும் களத்துத் தானியம் கடனுக்கே போய்விடுகிறது.

"ரேஷன் அரிசிதான் வருதே?" என்று கேட்பீர்கள். அது பெரிய துணைதான். ஆனால் களிக்கும் கூழுக்கும் கேழ்வரகு வேண்டாமா? மழையில் மலைப்பாதை அடைபட்டால் அன்றைக்கு என்ன செய்வது?

அதற்குத்தான் தானிய வங்கி. நம் பெரியவர்கள் வீட்டுக்கு வீடு குதிரிலும் பத்தாயத்திலும் சேர்த்ததை ஊரே கூடிச் செய்வது, அவ்வளவுதான். மத்திய அரசும் 1996-97-இல் பழங்குடிப் பகுதிகளுக்காகக் கிராமத் தானிய வங்கித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அரசு செய்யட்டும் என்று காத்திராமல் நாமே தொடங்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 30 குடும்பங்கள் ஆளுக்கு 20 கிலோ கேழ்வரகு போட்டால் 600 கிலோ. ஆடியில் முடை உள்ள 20 குடும்பங்களுக்கு 30 கிலோ வீதம் கொடுக்கலாம். அறுவடையில் 33 கிலோவாகத் திருப்பினால் இருப்பு 660 கிலோ ஆகிவிடும். கடன்காரரிடம் வாங்கியிருந்தால் அதே 30 கிலோவுக்கு 45 கிலோ அளந்திருப்போம்.

தானியத்தை நன்றாகக் காயவைத்து, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடு ஆறியபிறகு மூட்டை கட்டி, சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். எலி நுழையும் பொந்துகளை அடையுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: மருந்து கலந்த விதையை இங்கே வைக்கவே கூடாது.

சாவியும் நோட்டும் ஒருவரிடமே இருக்க வேண்டாம். பெண்கள் குழுவில் ஒருவரிடம் சாவி, இன்னொருவரிடம் நோட்டு என்று பிரித்துக் கொடுங்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் வாசியுங்கள். மழை பொய்த்த வருஷம் வட்டியைத் தள்ளி, அடுத்த அறுவடை வரை தவணை கொடுங்கள். ஆனால் விளைந்த வருஷத்தில் பெரிய மனிதர் வீடானாலும் பாக்கி வைக்க விடாதீர்கள். வாங்கியது திரும்பாவிட்டால் வங்கி இரண்டே வருஷத்தில் வெறும் அறையாகிவிடும்.

கடைசியாக ஒன்று. நிலம் இல்லாதவர்கள் 20 கிலோவுக்கு எங்கே போவார்கள்? காயவைப்பது, புடைப்பது, மூட்டை அடுக்குவது என்று அவர்கள் உழைப்பையே பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆடிப் பசி முதலில் தட்டுவது அவர்கள் கதவைத்தான்.

களத்துத் தானியம் சந்தைக்குப் போகுமுன் இன்று இரவே கூடிப் பேசுங்கள்.